நான்கு மொழியில் ஓர் இணைய நாளிதழ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரின் நான்கு மொழிகளிலும் வெளிவரும் செய்தித்தளம் ஒன்றைத் தொடங்க இங்கே சிலர் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இணையச் செய்திப் பிரிவில் பல காலம் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் என்னிடம் கேட்கச் சொன்னார்கள். வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் குழு, வாசகர், தொழில்நுட்பம் பற்றிக் கேளுங்கள். முதலீடும் வரியும் எனக்குத் தெரிந்த துறை இல்லை.

உட்லண்ட்ஸ் தம்பி: அக்கா, முதலில் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டு, வாசகர் சேர்ந்ததும் மற்ற மூன்று மொழிகளில் மொழிபெயர்த்துப் போடலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

சரியில்லை, தம்பி. பலமொழித் தளங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்கு ஊர்வலம் போகிறது. ஆங்கிலச் செய்தியில் கூட்டம் எவ்வளவு, எந்த அமைச்சர் வந்தார், சுற்றுப்பயணி ஒருவர் என்ன சொன்னார் என்பது இருக்கும். அதை அப்படியே தமிழாக்கிப் போட்டால் யாருக்கு என்ன பயன்? தமிழ் வாசகர் பால்குடம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, காவடி எடுப்பவர் எந்த நேரத்துக்குப் பதிந்துகொள்ள வேண்டும், வழியில் இசைக்கு எங்கெல்லாம் அனுமதி, நடக்க முடியாத அம்மாவை எந்தப் பக்கமாக அழைத்துப் போகலாம் என்று தேடுகிறார். அதே நாளில் அந்த வட்டாரத்துச் சீன, மலாய் வாசகருக்கு எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பேருந்து சுற்றிப் போகிறது என்று தெரிய வேண்டும். நிகழ்ச்சி ஒன்று, செய்தி மூன்று.

அதனால் மொழிக்கு ஒரு செய்தியாளராவது வெளியே போய்ச் செய்தி சேர்க்க வேண்டும். "இது நம் வாசகருக்கு வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமுள்ள ஆசிரியர் ஒருவரும் மொழிக்கு மொழி வேண்டும். தமிழ்ச் செய்தியாளர் கொண்டுவந்த செய்தி ஆங்கிலத்துக்குப் போகத் தொடங்கும் நாளில்தான் தளம் வளர்கிறது என்று அர்த்தம். ஆங்கிலத்திலிருந்து மட்டுமே மற்ற மூன்றுக்கும் போய்க்கொண்டிருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு நாளிதழும் மூன்று நகல்களும்தான். நான்குக்கும் ஆள் இல்லையா? இரண்டு மொழியில் தொடங்குங்கள். அந்த இரண்டையும் முழுதாகச் செய்யுங்கள்.

கிளமெண்டி வாசகர்: கூகுள் மொழிபெயர்ப்பு இப்போது நன்றாக வருகிறதே, மேடம். ஆள் எதற்கு?

2011இல் தமிழைச் சேர்த்தபோது இருந்ததற்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. முதல் வரைவுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பெயர், எண், சட்டம், நோய், தலைப்பு இந்த ஐந்தையும் மனிதர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். அபராதத் தொகையில் ஒரு சுழி தவறினால் வாசகர் இயந்திரத்தைத் திட்ட மாட்டார், உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். அப்புறம், இயந்திரம் படித்த தமிழ் பெரும்பாலும் இந்தியாவில் எழுதப்பட்டது. நாம் அமைச்சு, வெள்ளி, விழுக்காடு என்று எழுதிப் பழகியவர்கள். வேற்றூர்ப் பத்திரிகை வாடை அடித்தால் இரண்டாம் முறை வர மாட்டார்கள்.

பிடோக் தங்கை, வலைத்தள வடிவமைப்பாளர்: எனக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் தளம் அமைக்கும்போது எங்கே சிக்கல் வரும் என்று தெரியவில்லை. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இப்படிக் கேட்பவர்கள் குறைவு, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, வெட்டு. முகப்பில் தலைப்பை இத்தனை எழுத்தோடு நிறுத்து என்று நிரலில் எழுதுவீர்கள். கணினி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிகள் பயன்படுத்தும் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நான்கோடு நிறுத்தினால் 'தமிழ' என்று நிற்கும். 'கட்டணம்' 'கட்டணம' ஆகும். ஆங்கிலத்தில் பாதியில் நின்ற சொல் பாதியில் நின்றது போலத் தெரியும். தமிழில் அது எழுத்துப்பிழை போலத் தெரியும். வாசகர் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்புவார், அதில் நியாயம் இருக்கிறது. குறியை எண்ணி வெட்டாமல், முழு எழுத்தாகப் பார்த்து, முடிந்தால் முழுச் சொல்லாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, செய்தியின் இணைய முகவரி. தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியில் வைத்தால் உலாவியில் அழகாக இருக்கும். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல சமயம் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்து. தமிழ்ச் செய்தி அதிகம் பரவுவது குடும்பக் குழுக்களில்தான். அரைத் திரைக்கு நீளும் முகவரியைப் பார்த்தால் ஏதோ மோசடி இணைப்பு என்று அழித்துவிடுவார்கள். செய்தி எண்ணை வைத்துச் சுருக்கமான முகவரி கொடுங்கள்.

மூன்றாவது, குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 160 எழுத்து; தமிழிலும் சீனத்திலும் 70தான். சீனத்தில் 70 எழுத்தில் செய்தியே சொல்லிவிடலாம், தமிழில் ஒரு வாக்கியத்துக்கே தட்டுப்பாடு. அவசரச் செய்திக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதென்றால் தமிழுக்கு இரட்டிப்புச் செலவு என்று இப்போதே கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, மொழி மாற்றும் பொத்தானில் கொடி வேண்டாம். தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியை வைப்பீர்கள்? மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். கைப்பேசியின் மொழியைப் பார்த்துத் தளமே பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இங்கே பெரும்பாலோர் கைப்பேசியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கம் இருப்பதே கண்ணில் படாமல் போய்விடும்.

காலாங் வாசகர்: தளமே வேண்டாம், ஃபேஸ்புக் பக்கம் போதாதா?

போதாது. 2018 தொடக்கத்தில் ஃபேஸ்புக் நண்பர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று மாற்றியதும் உலகம் முழுக்கச் செய்தித்தளங்களுக்கு அங்கிருந்து வந்த கூட்டம் சரிந்தது. 2023 ஆகஸ்டில் கனடாவில் செய்தியையே நிறுத்திவிட்டார்கள். அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டாதீர்கள். சொந்த முகவரி, சொந்தத் தொகுப்பு. இந்த இரண்டையும் எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன்.

செங்காங் வாசகி: எந்த விசைப்பலகை?

தமிழ்99. கற்றுக்கொடுக்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

தேக்கா அண்ணன்: நாங்கள் முன்பு நடத்திய சிற்றிதழின் கோப்புகள் குறுந்தட்டுகளில் இருக்கின்றன. திறந்தால் கோணல்மாணலாக ஆங்கில எழுத்துகள் வருகின்றன. தூக்கிப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள், அண்ணே! அவை பழைய எழுத்துருக் குறியீட்டில் இருக்கின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி, டேப், டாம் என்று பல முறைகள். போதாததற்கு ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துவிட்டால் மாற்றித்தரும் கருவிகள் உண்டு. எழுத்துருக் கோப்பும் அதே தட்டில் இருக்கிறதா பாருங்கள்.

இந்த விஷயத்தில் சிங்கப்பூருக்குப் பெருமைப்பட ஒரு வரலாறு இருக்கிறது. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள். அதில் தமிழ் இடம்பெறக் காரணமாக இருந்தவர் நம் எழுத்தாளர், கல்விக்கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி. திரையில் தமிழ் தெரிய வைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. தமிழ் இணைய மாநாட்டுத் தொடருக்கு 1997இல் வித்திட்டதும் இந்த ஊர்தான். அப்படிப்பட்ட ஊரில், நான் வேலை பார்த்த ஒரு தளம் மென்பொருளை மாற்றியபோது பழைய செய்திகளின் முகவரிகளை எல்லாம் உடைத்துவிட்டது. மற்ற தளங்கள் கொடுத்திருந்த இணைப்புகள் அத்தனையும் வெற்றுப் பக்கத்தில் போய் நின்றன. மென்பொருளை மாற்றுங்கள், பழைய முகவரியை மாற்றாதீர்கள். தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களை இன்று படிக்க முடிகிறதென்றால் அச்சிட்ட தாளை யாரோ பாதுகாத்து வைத்திருந்தார்கள். இணைய இதழுக்குத் தாள் கிடையாது.

புக்கிட் மேரா வாசகர்: உரிமம் வேண்டுமா?

2013இல் வந்த விதிப்படி, சிங்கப்பூர்ச் செய்திகளை வாரத்துக்குச் சராசரியாக ஒன்றாவது வெளியிட்டு, மாதம் 50,000 உள்ளூர் இணைய முகவரிகளிலிருந்து வாசகர் வரும் தளங்கள், இரண்டு மாதம் இந்த அளவை எட்டினால், தனி உரிமம் எடுக்க வேண்டும். 50,000 வெள்ளி பிணையும் உண்டு. உங்கள் நிலவரத்தைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடமும் (ஐஎம்டிஏ) ஒரு வழக்கறிஞரிடமும் கேளுங்கள். என் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பாசிர் ரிஸ் ஐயா: மேடம், 2010இல் வீட்டில் தமிழை அதிகம் பேசியவர்கள் 3.3 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் 2.5. ஆங்கிலம் தெரியாத தமிழர் இங்கே யார்? குறைந்துகொண்டே போகும் கூட்டத்துக்கு எதற்குத் தனி ஆசிரியர், தனிச் செய்தியாளர்?

ஐயா, உங்கள் எண்கள் சரி. அவை யாரைப் பற்றியவை என்று பாருங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் அதில் வருகிறார்கள். வேலை அனுமதியில் வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழர் ஒருவர்கூட அந்த 2.5இல் இல்லை. 2020 ஏப்ரலில் கொவிட் பரவலால் பொங்கோலிலும் தோ குவானிலும் இரண்டு வெளிநாட்டு ஊழியர் விடுதிகளைத் தனிமைப்படுத்தியபோது ஏறத்தாழ 20,000 பேர் உள்ளே இருந்தார்கள். உணவு எப்போது வரும், சம்பளம் வருமா, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது என்று தமிழிலும் வங்காளத்திலும் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் ஊருக்கே புரிந்தது.

துவாஸ் விடுதித் தம்பி: நடுவில் வருகிறேன், அக்கா. ஆங்கில அறிவிப்பு வந்தால் மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொள்வோம். ஆனால் சம்பளப் பிடித்தம் பற்றிய செய்தியை அவரிடமே கொண்டுபோய் 'இதைப் படித்துச் சொல்லுங்கள்' என்று கேட்க முடியுமா?

பாசிர் ரிஸ் ஐயா: தம்பி, நீங்கள் கைப்பேசியில் பார்ப்பது சென்னைத் தளங்களைத்தானே? இவர்கள் தளத்துக்கு ஏன் வரப்போகிறீர்கள்?

சினிமாவுக்கும் ஊர் அரசியலுக்கும் சென்னைக்குப் போகட்டும், ஐயா. வெயிலும் புழுக்கமும் சேர்ந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால், வெளியே கடும் வேலை செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று 2023இல் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது. சென்னைத் தளம் அதை எழுதுமா? தம்பி சொன்னது நான் சொன்னதைவிடக் கூர்மை. தன் உரிமை பற்றிய செய்தியை இன்னொருவர் தயவில் படிக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

புக்கிட் பாத்தோக் மாணவி: ஐயா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அக்கா. தமிழில் நான் மெதுவாகத்தான் படிப்பேன், பாதியில் விட்டுவிடுவேன். கேட்டால் முழுவதும் புரியும்.

நல்ல வேளை சொன்னீர்கள். ஒவ்வொரு தமிழ்ச் செய்திக்கும் ஒலி வடிவம் வையுங்கள். முக்கியச் செய்திகளையாவது மனிதக் குரலில் படியுங்கள். புரியும் ஆனால் படிக்கச் சிரமம் என்ற தலைமுறை இங்கே பெரிது. அவர்களை இழந்துவிட்டோம் என்று கணக்கெழுதாதீர்கள்.

பாசிர் ரிஸ் ஐயா: சரி, ஊழியர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரம் யார் தருவார்?

ஊருக்குப் பணம் அனுப்பும் நிறுவனம், கைப்பேசிக் கட்டணத் திட்டம், திருச்சிக்கும் சென்னைக்கும் விமானச்சீட்டு, தமிழ்த் துணைப்பாடம், நகைக்கடை. இவர்களுக்கு நான்கு மொழி வாசகரும் வேண்டாம், இந்த வாசகர்தான் வேண்டும். கூகுள் விளம்பரமும் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கிறது, ஆனால் அதிலிருந்து வருவது மிகக் குறைவு. மரண அறிவித்தல், நினைவஞ்சலி பக்கத்தை முதல் நாளிலிருந்தே வையுங்கள். தமிழ் வாசகர் தினமும் திரும்பி வரும் பக்கம் அது.

இந்த வாதம் நல்ல வாதம். தொடர விரும்புகிறவர்கள் தனியாகத் தொடருங்கள், மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

ஜூரோங் வாசகர்: செயற்கை நுண்ணறிவே மொழிபெயர்த்துவிடுமே, ஆள் தேவையா?

கிளமெண்டி வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

தோ பாயோ வாசகி: சீன நாளிதழ் லியன்ஹ சாவ்பாவ் 1995லேயே இணையத்துக்குப் போய், வெளிநாட்டு வாசகரை நிறையச் சேர்த்ததே. தமிழிலும் உலகத் தமிழரை நம்பித் தொடங்கலாமா?

வெளிநாட்டு வாசகர் வந்தால் மகிழ்ச்சி, அவரை நம்பிச் செலவைத் திட்டமிடாதீர்கள். சாவ்பாவின் பின்னால் வலுவான அச்சு நாளிதழும் பெரிய செய்திக்குழுவும் இருந்தன. தமிழுலகத்துக்காக எழுதத் தொடங்கினால் தேக்காவில் இருக்கும் உள்ளூர் வாசகரை விட்டுவிடுவீர்கள், அந்தப் பக்கத்திலும் ஏற்கெனவே நூறு தளங்கள் இருக்கின்றன.

ஈசூன் வாசகர்: கூகுள் மொழிபெயர்ப்பைத் தளத்திலேயே பொருத்திவிட்டால்?

வேண்டாம். மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது, படித்துவிட்டுக் கேளுங்கள்.

பொங்கோல் தம்பி: இணைய முகவரியை என் பெயரில் வாங்கிவிட்டேன், அக்கா. அது போதுமா?

அமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள், தம்பி. நீங்கள் விலகிப் போனாலும், கடன் அட்டை காலாவதியானாலும், புதுப்பிக்க இன்னொருவரால் முடிய வேண்டும். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். வாராவாரம் முழுத் தொகுப்பையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள், மாதம் ஒரு முறை அந்த நகலைத் திறந்து தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

மீதியுள்ள கேள்விகள் எல்லாம் பங்கு பிரிப்பது பற்றியவை. அதற்கு ஒரு கணக்காளரைப் பாருங்கள்.