பேக்-டு-பேக் க்ரூஸ்: நடுவுல வர்ற அந்த ஒரு நாளை என்ன பண்றது? வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம் தான். சிங்கப்பூர்ல இருந்து மூணு ராத்திரி நாலு ராத்திரின்னு கிளம்புற சின்ன க்ரூஸ் ரெண்டை அடுத்தடுத்து, அதாவது பேக்-டு-பேக்கா, புக் பண்ணிடறாங்க, முதல் ட்ரிப் முடிஞ்சு கப்பல் காலையில மெரினா பே க்ரூஸ் சென்டருக்கு வந்துடுது, சாயங்காலம் அதே கப்பல் மறுபடி கிளம்புது, அந்த நடுப்பொழுதுல நாம எங்க இருக்கணும்னு ஒரே குழப்பம். கப்பல்ல இதை டர்ன்அரவுண்ட் டேன்னு சொல்வாங்க. நான் புக்கிங் பண்ணித் தர்ற எல்லாருக்கும் சொல்றது ஒண்ணு தான்: அன்னைக்கு உங்க கையில நிக்கிறது நாலஞ்சு மணி நேரம், அதுல வெளிய ஒரே ஒரு இடம் போதும், பேப்பர் வேலை எல்லாம் முந்தின நாளே முடிஞ்சிருக்கணும்.

சென்னை வாசகி: அப்பா அம்மாவோட போறோம், ரெண்டு ட்ரிப்புக்கும் அதே கேபின். அப்படியும் கப்பலை விட்டு இறங்கணுமா?

பொதுவா இறங்கித்தாங்க ஆகணும். கப்பல் கணக்குல உங்க முதல் பயணம் காலையிலயே முடிஞ்சிடுது, சாயங்காலம் நீங்க புது பயணி. அதனால பாஸ்போர்ட்டோட இறங்கி, இமிக்ரேஷன் தாண்டி, திரும்ப செக்-இன் பண்ணி ஏறணும். வெளிய சுத்த விருப்பம் இல்லாதவங்களை ஒரு லவுஞ்ச்ல உட்கார வச்சு, மத்தவங்க எல்லாம் இறங்கின பிறகு மொத்தமா கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றதும் உண்டு, அப்பா அம்மாவுக்கு அது தான் சௌகரியம். எத்தனை மணிக்கு எங்க கூடணும்னு முந்தின நாள் கேபினுக்கு லெட்டர் வரும். வரலேன்னா காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, ராத்திரியே கெஸ்ட் சர்வீஸ் கவுண்டர்ல கேட்டுடுங்க.

அதே கேபின்ங்கறதால பெட்டி எல்லாம் உள்ளயே இருக்கட்டும். எல்லாரும் ராத்திரி பெட்டியை கதவுக்கு வெளிய வைக்கிறாங்களேன்னு நீங்களும் வச்சா, அது இறங்குற லக்கேஜோட டெர்மினலுக்குப் போயிடும். பாஸ்போர்ட்டு, மருந்து, நகை மட்டும் கைப்பையில. இன்னொண்ணு, நடுவுல புக்கெட் போயிருந்தா தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி. ஃப்ளைட் மோட்ல கிடக்கிற போன் பழைய நேரத்தையே காட்டிட்டு இருக்கும், அதை நம்பி தூங்கினா எட்டு மணின்னு நினைச்சு எழுந்திரிக்கும்போது ஒன்பது ஆகியிருக்கும்.

கோயம்புத்தூர் வாசகர்: சிங்கப்பூர் விசா ஒரு என்ட்ரி போதுமா?

போதாது சார். இந்திய பாஸ்போர்ட்ல போறவங்களுக்கு இது தான் முக்கியமான இடம். விமானத்துல வந்து இறங்கும்போது ஒரு என்ட்ரி, முதல் க்ரூஸ் முடிஞ்சு வரும்போது இன்னொண்ணு, ரெண்டாவது முடிஞ்சு வரும்போது மூணாவது. மல்டிபிள் என்ட்ரி இருக்கான்னு விசா காகிதத்தை எடுத்து கண்ணால பாருங்க, ஏஜென்ட் வாய்வார்த்தையா சொன்னது பத்தாது.

அதோட எஸ்ஜி அரைவல் கார்டும், அதாவது சிங்கப்பூருக்குள்ள வர்றவங்க ஆன்லைன்ல போடற வருகைப் படிவம், ஒவ்வொரு தடவை உள்ள வரும்போதும் புதுசா போடணும். இறங்குற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள தான் போட முடியும், அதனால ஊர்லயே எல்லாத்தையும் சேர்த்து போட்டுட்டு வர முடியாது. கப்பல் வைஃபைக்கு தனியா காசு கொடுக்க வேணாம்னா பினாங்கு, புக்கெட்னு நடுவுல இறங்குற துறையில போன் டேட்டா போட்டு முடிச்சிடுங்க. சிங்கப்பூர் அரசு தளத்துல இது இலவசம், காசு கேட்டா அது வேற யாரோட தளமோ, அப்படியே மூடிடுங்க.

மதுரை வாசகி: காலையில ஒன்பது மணிக்கு வெளிய வந்தா சென்டோசா, யூனிவர்சல் எல்லாம் பாத்துட்டு வந்துடலாமா?

வேணாம்மா. யூனிவர்சல் தீம் பார்க்குக்கே ஒரு முழு நாள் வேணும், டிக்கெட் காசும் பாதி வீணா போகும். கிளம்புறதுக்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்னாடியே கப்பல்ல செக்-இன் மூடிடுவாங்க, லேட்டா வந்தா கெஞ்சினாலும் ஏத்த மாட்டாங்க. உங்க போர்டிங் பாஸ்ல போட்டிருக்கிற நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி டெர்மினல்ல இருக்கிற மாதிரி திட்டம் போடுங்க.

நான் அனுப்புற வழி இது: டெர்மினல் பக்கத்துலயே மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன், 2014-ல திறந்தது, சிவப்பு லைனோட கடைசி ஸ்டேஷன், அதனால ரயில்ல உட்கார இடம் கிடைக்கும். டோபி காட்ல இறங்கி ஊதா லைன் மாறினா அடுத்த ஸ்டேஷனே லிட்டில் இந்தியா. தட்டினா காசு போற வகை விசா கார்டோ மாஸ்டர்கார்டோ இருந்தா டிக்கெட்டே வாங்க வேணாம், ஆனா ஆளுக்கு ஒரு கார்டு வேணும். மேல ஏறி வந்தா டெக்கா சென்டர், ஒரு பக்கம் மீன், கீரை, தேங்காய்னு சந்தை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைங்க. சைவம்னா சிராங்கூன் ரோட்ல 1947-ல இருந்து நடக்கிற கோமள விலாஸ். ரெண்டு மூணு நாளா பஃபே சாப்பிட்டு நாக்கு செத்துப் போயிருக்கும், ஒரு நெய் தோசையும் காபியும் உள்ள போனா உயிர் வந்துடும். அதே ரோட்ல வீரமாகாளியம்மன் கோயில், ஆனா மத்தியானம் பன்னெண்டு மணி வாக்குல நடை சாத்திடுவாங்க, அதனால முதல்ல சாமி, அப்புறம் சாப்பாடு.

லிட்டில் இந்தியாவுல இருக்கிற பெரிய கடை முஸ்தஃபாவுக்குள்ள போறவங்க கவனிக்க: அயர்ன் பாக்ஸ், கெட்டில், கத்தி மாதிரி எதையும் வாங்கிட்டு கப்பல் ஏறாதீங்க, ஸ்கேன்ல பிடிச்சு வாங்கி வச்சுக்குவாங்க. இறங்கும்போது சிகரெட், வேப் விஷயத்துலயும் ஜாக்கிரதை. சிங்கப்பூர்ல சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, வேப் சட்டப்படி குற்றம்.

திருச்சி வாசகர்: கேபின் மாறுது. பெட்டி, பில், ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் எல்லாம் என்ன ஆகும்?

பெட்டியை கட்டி வச்சிடுங்க, கேபின் பையன் கிட்ட புது கேபின் நம்பரை முந்தின நாளே சொல்லிடுங்க, பெரும்பாலும் அவங்களே மாத்திடுவாங்க, ஹேங்கர்ல தொங்குற துணியை அப்படியே தூக்கிட்டுப் போய் மாட்டிடுவாங்க. பில்லு முதல் பயணத்தோட முடியும், ரெண்டாவதுக்கு புது கார்டு, புது கணக்கு. வைஃபை, ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் எல்லாம் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனி. திருப்பித் தர முடியாத ஆன்போர்டு க்ரெடிட் (கப்பலுக்குள்ள செலவு பண்ண உங்க கணக்குல போட்டிருக்கிற காசு) மிச்சம் இருந்தா முதல் பயணத்தோட கடைசி ராத்திரிக்குள்ள செலவு பண்ணிடுங்க, மறுநாள் அது இருக்காது, கப்பல் துறையில நிக்கும்போது உள்ள இருக்கிற கடைங்களும் மூடியிருக்கும்.

சேலம் வாசகர்: மூணு நாள் முன்னாடி தானே சேஃப்டி ட்ரில் பண்ணேன், மறுபடியுமா?

மறுபடியும் தான் சார், முகம் சுளிக்காம பண்ணுங்க. 2012 ஜனவரியில இத்தாலிக்குப் பக்கத்துல கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதி கவிழ்ந்தப்போ, அன்னைக்கு சாயங்காலம் தான் ஏறின சில நூறு பேருக்கு ட்ரில்லே நடந்திருக்கல. 32 பேர் செத்துப் போனாங்க. அதுக்கு அப்புறம் தான் கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ ட்ரில் முடிஞ்சிருக்கணும்னு சர்வதேச விதியையே மாத்தினாங்க. கேபின் மாறினா உங்க மஸ்டர் ஸ்டேஷனும், அதாவது ஆபத்துன்னா நீங்க போய் கூட வேண்டிய இடமும், மாறலாம், அதுக்காகவாவது போய் இடத்தைப் பாத்துட்டு வாங்க.

நியூ ஜெர்சி வாசகர்: லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து வான்கூவர், அதே கப்பல்ல அன்னைக்கே வான்கூவர்ல இருந்து அலாஸ்காவோட சீவர்ட். ரெண்டையும் சேர்த்து போட விட மாட்டேங்கிறாங்களே?

அவங்க சொல்றது சரி தான். 1886-ல போட்ட ஒரு அமெரிக்க சட்டம் இருக்கு. வெளிநாட்டுக் கப்பல் ஒரு அமெரிக்க துறைமுகத்துல ஏத்தின ஆளை இன்னொரு அமெரிக்க துறைமுகத்துல இறக்கக் கூடாது, நடுவுல தூரத்து வெளிநாட்டுத் துறைமுகம் ஒண்ணைத் தொட்டிருந்தா தான் உண்டு. கனடா, மெக்சிகோ எல்லாம் பக்கத்து கணக்கு. தனித்தனியா ரெண்டும் சரி, சேர்த்தா லாஸ் ஏஞ்சல்ஸ் டு சீவர்ட்னு ஆயிடுது. வான்கூவர்ல இறங்கி வேற கப்பல்ல ஏறுங்க, பிரச்சனை இல்ல. மயாமி மாதிரி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர்ற க்ரூஸ் ரெண்டு போட்டா இந்த தொல்லை கிடையாது, ஆனா அங்க கடைசி பயணி வரைக்கும் இறங்கி எண்ணிக்கை ஜீரோ ஆகிற வரை உங்களையும் திரும்ப ஏத்த மாட்டாங்க.

புதுச்சேரி வாசகி: எங்கயும் போகாம கப்பல்லயே இருந்தா போரடிக்குமா?

எனக்கு பிடிச்சதே அது தான்க்கா. இமிக்ரேஷன் முடிச்சு உடனே திரும்பி ஏறினா, புதுக் கூட்டம் வர்ற வரைக்கும் நீச்சல் குளத்துல ஆளே இருக்காது. ஒரு தடவை கேபின் இருக்கிற காரிடார்ல நடந்து பாருங்க, ரெண்டு பக்கமும் கதவெல்லாம் திறந்து கிடக்கும், உருவின பெட்ஷீட்டும் டவலும் வாசல்ல மலையா குவிஞ்சிருக்கும், ஒரே ஆளு பதினஞ்சு இருபது கேபினை மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்னு ஓடிட்டு இருப்பாரு. மேல் டெக்ல இருந்து எட்டிப் பாத்தா ஃபோர்க்லிஃப்ட் வண்டிங்க அரிசி மூட்டை, முட்டை, காய்கறின்னு பலகை பலகையா உள்ள தள்ளிட்டு இருக்கும். நமக்கு லீவு நாள், அவங்களுக்கு வாரத்துலயே கஷ்டமான நாள். காலையில எட்டு எட்டரைக்கே கேபினை விட்டு வெளிய வந்துடுங்க, எங்க ரூமை கடைசியா பண்ணுங்க, அவசரம் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, டிப்ஸ் கொடுக்கிறதா இருந்தா அன்னைக்கே கையில கொடுங்க. லாண்டரி மட்டும் அன்னைக்கு எதிர்பார்க்காதீங்க, ரெண்டு நாள் முன்னாடியே போட்டுடுங்க.

தஞ்சாவூர் வாசகர்: அம்மாவுக்கு வீல்சேர் வேணும், சாப்பாடு ஜெயின் முறை. ஒரு தடவை சொன்னா போதுமா?

ரெண்டு புக்கிங் நம்பர் இருக்குல்ல, ரெண்டுலயும் தனித்தனியா பதிய வைக்கணும் சார். முதல் பயணத்துல எல்லாம் நல்லா நடந்ததேன்னு நம்பி இருந்தா, ரெண்டாவது பயணத்து லிஸ்ட்ல அம்மா பேரே இருக்காது. இறங்குறதுக்கு, திரும்ப ஏறுறதுக்குன்னு வீல்சேர் தள்ள ஆள் வேணும்கிறதையும் அன்னைக்கு காலையில கேக்காம முந்தின நாள் மத்தியானமே சொல்லிடுங்க, அந்த நேரத்துல இறங்குற கூட்டத்துல பாதி பேர் வீல்சேர் கேட்டு நிப்பாங்க. ஏறின உடனே ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி டைனிங் ஹால் மேனேஜரைப் பாத்து, பூண்டு வெங்காயம் கிழங்கு வேணாம்னு இன்னொரு தடவை நேர்ல சொல்லிடுங்க.