டாஷ்போர்டு கணக்கும் யார்டு கணக்கும் இடிக்குதா?

லாரி ட்ரிப்பு கணக்கு இடிக்குது, டீம்ல ஆளை மாத்தணுமான்னு கேட்டிருந்தீங்க. யாரையும் மாத்த வேணாம் ப்ரோ, டாஷ்போர்டுக்கு டேட்டா எடுக்குற க்வெரில டைம்ஸோன பாருங்க. மணலி கன்டெய்னர் யார்டு எக்செல்ல 140 ட்ரிப்பு, டாஷ்போர்டுல 118, மறுநாள் தலைகீழாங்கறீங்கல்ல, யூடிசி (உலகப் பொது நேரம், நம்ம டைமுக்கு 5:30 மணி நேரம் பின்னாடி) வேலையாதான் இருக்கும்.

நம்ம பக்கம் லாரி ஓடுறதே ராத்திரிலதான், எண்ணூர் ரோட்ல லைன் கட்டி நின்னு விடிகாலை 3 மணிக்கு கேட்-இன் ஆகுற (கேட்டுக்குள்ள நுழையுற) வண்டி யூடிசில முந்தின நாள் ராத்திரி 9:30ன்னு ஏறும், சூப்பர்வைசர் நோட்டுல இன்னிக்கு தேதி, உங்க ரிப்போர்ட்ல நேத்து.

ராத்திரி 12ல இருந்து 5:30க்குள்ள போட்ட கேட் பாஸ் பத்து எடுத்து கன்டெய்னர் நம்பர் வெச்சு தேதி பாருங்க. டாஷ்போர்டுல பத்துமே ஒரு நாள் பின்னாடி இருந்தா அதான், க்வெரில 5:30 மணி நேரம் கூட்டி நம்ம டைமுக்கு மாத்துங்க.

மாச மொத்தமும் பெருசா இடிச்சா இது இல்ல, காலி கன்டெய்னரையும் ட்ரிப்பா எண்ணுறாங்களான்னு கேளுங்க. ஜிபிஎஸ் டேட்டா ஏற்கனவே நம்ம டைம்ல வந்தா திரும்ப 5:30 கூட்டிராதீங்க, நான் கூட்டி ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.