வெளிறிப்போன பிறகும் விடாத நீலச் சாயம்: வீட்டிலேயே எடுப்பது எப்படி?

கேள்வி: தலைமுடியை ப்ளீச் செய்து அடர் நீலச் சாயம் போட்டு நான்கு மாதம் ஆகிறது. மேலே எல்லாம் வெளுத்துவிட்டது. நுனியில் மட்டும் பாசி படிந்ததுபோல ஒரு மங்கல் பச்சை நிற்கிறது, எத்தனை முறை அலசினாலும் போகவில்லை. மறுபடி ப்ளீச் செய்துவிடலாமா?

பதில்: ப்ளீச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். அது கடைசி வழி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில், அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? ப்ளீச் செய்த முடியின் அடிநிறம் மஞ்சள். நீலம் அடர்த்தியாக இருந்தவரை மஞ்சள் தெரியவில்லை. நீலம் மெலிந்ததும் இரண்டும் கலந்து பச்சையாகத் தெரிகிறது. ஆக, நீங்கள் பார்க்கும் பச்சையில் ஒரு பங்குதான் சாயம். நுனியில் மட்டும் நிற்பதற்கும் காரணம் உண்டு. பழைய முடி என்பதால் அங்கே மேல்செதில்கள் அதிகம் தேய்ந்து திறந்திருக்கும், சாயமும் ஆழமாக உள்ளே போயிருக்கும். மேலோட்டமாக ஒட்டியிருந்தது எல்லாம் முதல் சில அலசலிலேயே போய்விட்டது. மிஞ்சியிருப்பது ஆழத்தில் இருப்பதுதான், அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

அடுத்தது, என்ன வகைச் சாயம் என்று தெரிந்தாக வேண்டும். எதையும் கலக்காமல் டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துப் பூசியதா? அது நேரடிச் சாயம். நீலம், பச்சை, இளஞ்சிவப்பு போன்ற பளீர் நிறங்கள் பெரும்பாலும் இந்த வகை. டெவலப்பர் (பெராக்சைடு உள்ள திரவம்) கலந்து பூசியதா? அப்படியென்றால் அது முடிக்குள்ளேயே வேதிவினை நடந்து உருவாகும் நிரந்தரச் சாயம். எடுக்கும் முறை இரண்டுக்கும் வேறு.

முதல் முயற்சி வைட்டமின் சி. தூளாகக் கிடைக்கும் அஸ்கார்பிக் அமிலம் 2 மேசைக்கரண்டி, பொடுகு ஷாம்பூ அல்லது ஆழ்சுத்த ஷாம்பூ 4 மேசைக்கரண்டி, குழைவாக வரும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீரில் கரையும் நிறமூட்டிய மாத்திரைகள் வேண்டாம், அவற்றில் இருக்கும் சாயமும் சேர்ந்துகொள்ளும். முடியை நனைத்துப் பிழிந்துவிட்டு, நிறம் நிற்கும் இடத்தில் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தொப்பி போட்டு 30 நிமிடம் விடுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இது அமிலம், தலைத்தோலில் கீறலோ புண்ணோ இருந்தால் எரியும். நன்றாக அலசி கண்டிஷனர் போட்டு, மூன்று நாள் கழித்து இன்னொரு முறை செய்யலாம். இரண்டாவது முறையிலும் மாற்றம் தெரியவில்லையென்றால் அத்துடன் விட்டுவிடுங்கள். மூன்றாவது முறையில் முடி வறண்டுபோவதுதான் மிச்சம்.

அடுத்து, ப்ளீச் இல்லாத சாய நீக்கி. நிரந்தரச் சாயத்துக்கு இதுதான் சரியான மருந்து. முடிக்குள் பெரிதாகக் கூடி நிற்கும் சாய மூலக்கூறுகளைச் சிறிதாக உடைத்துவிடும். உடைந்ததைக் கழுவி வெளியேற்றுவது உங்கள் வேலை, பலர் கோட்டைவிடுவதும் அங்கேதான். அட்டையில் எழுதியிருக்கும் நேரம் முழுக்க ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். சரியாக அலசாமல் விட்டாலோ, சில நாளுக்குள் டெவலப்பர் கலந்த சாயம் போட்டாலோ, மிச்சமிருக்கும் துகள்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து முடி கறுத்துவிடும். நேரடிச் சாயத்தில் இந்த நீக்கியை முழுக்க நம்ப முடியாது. சில நீலங்கள் நிறமிழந்தது போலத் தெரிந்து, காற்றுப் பட்டதும் திரும்பி வந்துவிடும். எனவே ஒரு கற்றையில் மட்டும் போட்டு, காய்ந்த பிறகு ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் ப்ளீச் குளியல். இது முழு ப்ளீச் இல்லை, ஷாம்பூ கலந்து வீரியம் குறைத்தது. ஆனால் முடி அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். நுனியில் ஒரு முடியை நனைத்து மெதுவாக இழுங்கள். சற்றே நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்தால் சரி. நீண்டுகொண்டே போனாலோ, பட்டென்று அறுந்தாலோ ப்ளீச் பேச்சே வேண்டாம்.

அளவு: ப்ளீச் தூள் 20 கிராம், 3 சதவீத டெவலப்பர் 40 மில்லி, ஷாம்பூ 20 மில்லி. டெவலப்பர் புட்டியில் 10 வால்யூம் என்று இருக்கும். ஏற்கெனவே ப்ளீச் ஆன முடிக்கு அதற்குமேல் தேவையில்லை. பிளாஸ்டிக் கிண்ணம், கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். உலோகப் பாத்திரம் கூடாது. மிஞ்சிய கலவையை மூடி வைக்கவும் கூடாது. வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும்.

முதலில் வெட்டியெடுத்த சில முடிகளில் போட்டுப் பாருங்கள். எப்போதாவது மருதாணி என்ற பெயரில் விற்கும் கலவைப் பொடியோ, நரையைப் படிப்படியாகக் கறுக்கவைக்கும் திரவமோ பூசியிருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். பெராக்சைடு பட்டால் முடி கொதித்துச் சூடேறி உருகிப் போகும். வெட்டிய முடி சூடானாலோ, புகைந்தாலோ, நுரைத்தாலோ கலவையைத் தலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

சோதனையில் தேறினால், ஈரமான நுனிகளில் மட்டும் வேகமாகத் தடவுங்கள். சூடு காட்டாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்து, நிறம் போதுமான அளவு இறங்கியதும் கழுவிவிடுங்கள். 10 நிமிடம்தான் எல்லை.

துளிப் பச்சைகூட இருக்கக் கூடாது என்று துரத்துவதுதான் முடியை நாசமாக்குகிறது. வெளிறிய பச்சையாக இறங்கிவிட்டால் அங்கேயே நிறுத்தி, எதிர்நிறத்தால் அடக்குங்கள். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. வெள்ளைக் கண்டிஷனர் 100 மில்லியில் சிவப்பு நேரடிச் சாயம் கால் தேக்கரண்டி கலந்து, ஒரு கற்றையில் 5 நிமிடம் சோதித்துவிட்டுப் பூசுங்கள். பச்சை மறைந்து மங்கலான பழுப்பு வரும். வெள்ளையோ வெள்ளியோ வராது. ஊதா ஷாம்பூ இதற்கு உதவாது. அது மஞ்சளைத்தான் அடக்கும், நீலச் சாயல் மேலும் தூக்கலாகும்.

சமையல் சோடா, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டையும் பலர் பரிந்துரைப்பார்கள். இரண்டும் சாயத்தை எடுப்பதைவிட மேல்செதில்களைச் சொரசொரப்பாக்குவதுதான் அதிகம். துணி வெளுக்கும், தரை கழுவும் ப்ளீச்சைத் தலையில் வைக்கவே கூடாது. அது முடியின் புரதத்தையே கரைக்கும். அமிலத்துடனோ அம்மோனியாவுடனோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். வைட்டமின் சி கலவையும் அமிலம்தான்.

பச்சை கடைசி 3 சென்டிமீட்டருக்குள் மட்டும் இருக்கிறதென்றால், இத்தனை பாடும் வேண்டாம். முடி மாதம் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். நுனியை வெட்டிவிட்டால் மூன்று மாதத்தில் அந்த நீளம் திரும்பக் கிடைத்துவிடும்.