லின்னேயஸையே ஏமாற்றிய நீர்வண்டு

கேள்வி: ஐரோப்பியக் குளங்களில் வாழும் பெரிய நீர்வண்டு பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ஆணின் முதுகு வழவழப்பு. பெண்ணின் முதுகில் பள்ளக் கோடுகள். சில பெண்களுக்கு அதுவும் இல்லை. எல்லாம் ஒரே இனமாம்! ஆனால் அதே குளத்தில் அதே போல் நீந்தும் பெரிய கறுப்பு வண்டு மட்டும் வேறு குடும்பமாம். யார் காதில் பூச் சுற்றுகிறார்கள்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: முதுகை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸுக்கே தோன்றியது. 1758-இல் தன் நூலில் இந்த வண்டுக்கு டைடிஸ்கஸ் மார்ஜினாலிஸ் என்று பெயரிட்டவர், அதே நூலில் கோடு விழுந்த பெண்ணை செமிஸ்ட்ரியேட்டஸ் என்று தனி இனமாகவும் எழுதிவைத்தார். ஒரே வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி ரேஷன் கார்டு! போதாததற்கு, நீங்கள் சொல்லும் கறுப்பு வண்டையும் டைடிஸ்கஸ் பேரினத்திலேயே சேர்த்தார். சேர்க்க வேண்டியதைப் பிரித்து, பிரிக்க வேண்டியதைச் சேர்த்தார். கறுப்பு வண்டு இன்று ஹைட்ரோஃபிலஸ் பேரினத்தில் இருக்கிறது.

இரண்டையும் கவிழ்த்துப் போட்டால் குழப்பம் தீரும். டைடிஸ்கஸின் பின்னங்கால் இடுப்பு (கால் உடலோடு சேரும் அடிக்கணு) மார்போடு அசையாமல் ஒட்டி, வயிற்றின் முதல் தகட்டை இரண்டாக வெட்டிச் செல்கிறது. தரையில் ஓடி இரை பிடிக்கும் தரைவண்டுகளுக்கும் இதே அமைப்புதான்; அவைதான் இதன் பங்காளிகள். கறுப்பு வண்டுக்கு இந்த ஒட்டு கிடையாது. உணர்கொம்பும் வேறு: டைடிஸ்கஸுக்கு நூல் போல, கறுப்பு வண்டுக்கு நுனி பருத்துக் கதாயுதம் போல.

'அதே போல் நீந்தும்' என்கிறீர்களே, படத்தைச் சரியாகப் பார்த்தீர்களா? டைடிஸ்கஸ் பின்னங்கால்கள் இரண்டையும் ஒருசேரத் துடுப்புப் போடும். கறுப்பு வண்டு மாற்றி மாற்றி உதைக்கும். மூச்சு வாங்க டைடிஸ்கஸ் வால் நுனியை நீர்மட்டத்துக்கு உயர்த்தும், கறுப்பு வண்டோ உணர்கொம்பால் காற்றை இழுத்து வயிற்றின் அடியில் வெள்ளிப் பூச்சாகப் பரப்பிக்கொள்ளும். தலைப்பிரட்டையையும் சிறு மீனையும் கிழித்துத் தின்னும் டைடிஸ்கஸுக்குப் பக்கத்திலேயே, வளர்ந்த கறுப்பு வண்டு பெரும்பாலும் நீர்ச்செடியை மேய்ந்துகொண்டிருக்கும். (அதன் குழந்தைப் பருவம் அவ்வளவு சாதுவானதல்ல, நத்தைகளைக் கேட்டால் தெரியும்.)

இந்த இரு குடும்பத்தாரும் நம் நாட்டுக் குளங்களிலும் உண்டு. பிடித்தால் தாராளமாகக் கவிழ்த்துப் பாருங்கள். கறுப்பு வண்டின் மார்புக்கு அடியில் பின்னோக்கி நீளும் முள் ஒன்று இருக்கிறது, விரலில் நன்றாக ஏறும்.