படிவத்தில் 35, வீதியில் 21

கேள்வி: ஜப்பானில் பாவிக்கப்பட்ட சிறிய ஹைபிரிட் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடும் என்று விபரப் படிவத்தில் இருந்தது. மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போய்வரும்போது 21க்கு மேல் கிடைப்பதில்லை. வாகனத்தில் பழுதா, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். படிவத்திலுள்ள எண் பொய்யன்று. ஆனால் அது வீதியில் ஓட்டிப் பெறப்பட்டதுமன்று. 2010களில் ஜப்பானில் விற்கப்பட்ட கார்களுக்குப் பெரும்பாலும் ஜேசி08 என்ற சோதனைமுறையே பயன்பட்டது. ஆய்வுகூடத்தில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, ஏறத்தாழ 20 நிமிடங்களில் 8 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர் அளவுதான். முறை மாறினால் எண்ணும் மாறும்: 2011 இறுதியில் வெளிவந்த டொயோட்டா அக்குவா, பழைய 10-15 முறையில் 40 கிலோமீற்றரும் ஜேசி08 முறையில் 35.4 கிலோமீற்றரும் பெற்றது. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த எண் போதும். மாதாந்தப் பெற்றோல் செலவை இதைக்கொண்டு கணக்கிடக் கூடாது. விற்பவர்கள் இதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெற்றோல் எஞ்சினும் பற்றரியில் இயங்கும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காருக்கு நின்று நின்று போகும் நகர ஓட்டமே சாதகமானது; பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் வீணாகும் சக்தியில் ஒரு பகுதி பற்றரிக்குத் திரும்புகிறது. ஏ9 வீதியிலோ பிரேக்கைத் தொடாமலே நெடுந்தூரம் போகலாம். அங்கே அந்த வாய்ப்புக் குறைவு, காற்றின் தடையோ அதிகம். 60இல் செல்பவர் 90க்கு ஏறினால் அத்தடை இரண்டேகால் மடங்காகும். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் தெற்கு நோக்கிப் போகும்போது எதிர்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஏசியைப் போட்டபடி வவுனியாவில் நிறுத்தி வைத்திருந்தால், பற்றரி இறங்க இறங்க எஞ்சின் தானாகவே இயங்கிப் பெற்றோலைக் குடிக்கும்.

கிரவல் பாதைகளில் ஓடுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இத்தகைய பல கார்களில் பின் இருக்கையின் ஓரத்தில் பற்றரியைக் குளிரூட்டும் காற்றுத்துவாரம் உண்டு. அது செம்மண் தூசியால் அடைபட்டால் பற்றரி சூடேறி, அதன் பங்கு குறைந்து, எஞ்சினின் வேலை கூடும். ரயர்களுக்கு, ஓடுமுன் காலையில், சாரதியின் கதவருகே ஒட்டியுள்ள அளவின்படி காற்று அடியுங்கள். அதில் 230 என்றிருந்தால் அது கிலோபஸ்கால். கராஜ் மானியில் 33 பி.எஸ்.ஐ.

டாஷ்போர்ட் காட்டும் கணக்கை மட்டும் நம்பாமல், தாங்கியை நிரப்பி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் அதே பம்பில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை லீற்றரால் வகுத்துப் பாருங்கள். 21 என்ற அளவு மாதாமாதம் நிலைத்திருந்தால் கவலை வேண்டாம். திடீரென 16, 17க்கு இறங்கினால், ஓடி நிறுத்தியவுடன் நான்கு சில்லுகளுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வெப்பம் கூடுதலாக இருந்தால் அந்தச் சில்லின் பிரேக் விடுபடாமல் உரசுகிறது, உடனே கராஜில் காட்டுங்கள்.