கெர்னல் மாறியதும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஏன் முரண்டு பிடிக்கிறது?

லினக்ஸ் கணினியில் வன்பொருளை வேலை வாங்கும் உட்பகுதிதான் கெர்னல். தோட்டத்துக்குப் புதுக் கிராணி வந்தால் பழைய ஆட்களின் போக்கு அவருக்குப் பிடிபடாமல் போவதுண்டு. கெர்னல் பதிப்பு மாறும்போதும் அப்படித்தான். மின்சேமிப்பு விதியோ, சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரோ மாறியிருக்கலாம்.

சுங்கை சிப்புட்டில் பழைய கல்யாண டிவிடிகளைக் கணினியில் ஏற்றுபவர்கள் முதலில் மின்சாரத்தைச் சந்தேகிக்கட்டும். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர். வட்டு சுழலத் தொடங்கும்போது அது போதாமல் போகலாம். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். (பாதிச் சிக்கல் மலிவான கேபிளில்தான்!) பிறகு கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசெக்’ (dmesg) கட்டளையின் பதிவில் ‘எஸ்ஆர்0’ (sr0) என்ற பெயர் தெரிந்தால், டிரைவ் அடையாளம் காணப்பட்டுவிட்டது, வட்டைத் துடைத்துப் பாருங்கள். தெரியாவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் குரப் (GRUB) என்ற தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதே துளை, அதே கேபிளில் அங்கே மட்டும் ஓடினால் குற்றம் பெரும்பாலும் புதிய கெர்னலுடையது.

டிரைவர் குறுவட்டைத் தேடிப் பலர் அலைகிறார்கள். லினக்ஸில் அந்த டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது.