ராக்கெட் விட்டவர்களும் தப்பவில்லை

கேள்வி: சீனாவில் ராக்கெட் விட்டவர்களே கட்சியின் உச்சிக்கு வருகிறார்கள். கோஷ்டிப் பூசல் கிடையாது. ஒரே தலைவர், ஒரே முடிவு. விண்வெளியில் அமெரிக்காவையே மிரட்டும் அளவுக்கு அவர்கள் வளர்ந்ததற்கு இதுதானே காரணம்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: முதல் வரி சரி. 2013-ல் நிலவில் இறங்கிய சாங்கே-3 திட்டத்தின் தலைவர் மா ஷிங்ருய், ஷென்சோ விண்கலத் திட்டத்தை நடத்திய யுவான் ஜியாஜுன் இருவரும் 2022 கட்சி மாநாட்டில் கட்சியின் உயர்மட்டக் குழுவான, 24 பேர் கொண்ட பொலிட்பீரோவுக்குள் நுழைந்தார்கள். மற்றதெல்லாம் நீங்களாகச் சேர்த்துக்கொண்டது.

பூசல் இல்லையா? லி ஷாங்ஃபூவின் கதையைக் கேளுங்கள். ஷிசாங் ஏவுதளத்தில் பொறியாளராகச் சேர்ந்து அதன் இயக்குநராகவே உயர்ந்தவர். ரஷ்ய ஆயுதங்கள் வாங்கியதற்காக 2018-ல் அமெரிக்கா அவர்மீது தடை விதித்தது. அந்தத் தடை நீங்காமலே 2023 மார்ச்சில் அவரைப் பாதுகாப்பு அமைச்சராக்கினார் ஷி ஜின்பிங். அமெரிக்காவுக்குக் காட்டிய முறைப்பு அது. ஆனால் ஆகஸ்டுக்குப் பிறகு அமைச்சரைக் காணோம். அக்டோபரில் பதவி போயிற்று. 2024 ஜூனில் லஞ்சம் வாங்கினார், கொடுத்தார் என்று கட்சியை விட்டே நீக்கினார்கள். அணு ஏவுகணைகளை வைத்திருக்கும் ராக்கெட் படையிலும் 2023 ஜூலையில் தளபதி, அரசியல் கமிசார் (படைக்குள் கட்சியின் பிரதிநிதி) இருவரையும் ஒருசேர மாற்றினார்கள். புதியவர்கள் கடற்படையிலிருந்தும் விமானப்படையிலிருந்தும் வந்தார்கள். உள்ளே இருந்த ஒருவரையும் நம்பவில்லை போலும்! அங்கேயும் சண்டை நடக்கிறது. என்ன, நமக்குத் தெரிவது ஆள் காணாமல் போன பிறகுதான்.

அப்புறம் அந்த 'ஒரே தலைவர்'. மனிதனை விண்ணுக்கு அனுப்பி, பிறகு ஆய்வுக்கூடம், கடைசியில் விண்வெளி நிலையம் என்று மூன்று கட்டமாகப் போகும் '921 திட்டம்' 1992 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. அப்போது கட்சித் தலைவர் ஜியாங் ஜெமின். ஷி ஜின்பிங், ஃபூஜோ நகரக் கட்சிச் செயலாளராக இருந்தார். சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் 2003-ல் பறந்தபோது தலைவர் ஹூ ஜின்டாவ். தியான்கோங் விண்வெளி நிலையம் 2022-ல் முடிந்தபோதுதான் ஷி. தலைவர்கள் மாறினார்கள், திட்டம் மாறவில்லை. அதிபர் இரண்டு தவணைதான் இருக்கலாம் என்ற வரம்பை ஷி தூக்கி எறிந்தது 2018-ல். அதற்குள் சாலையில் பாதிக்குமேல் போட்டாயிற்று.

அமெரிக்காவின் கதை தலைகீழ். நிலவுக்குத் திரும்புவோம் என்று 2004-ல் புஷ் அறிவித்தார், 2010-ல் ஒபாமா அதைக் கைவிட்டார், 2017-ல் டிரம்ப் மறுபடி தொடங்கினார். போதாததற்கு, சீனாவோடு நாசா நேரடியாகக் கூட்டுச் சேரக் கூடாதென்று 2011-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதனால் சீனா முடங்கிவிடவில்லை, சொந்த நிலையத்தையே கட்டிக்கொண்டது. இந்தப் பங்கையும் கணக்கில் சேருங்கள், ஐயா.

2030-க்குள் நிலவில் ஆளை இறக்குவோம் என்கிறது பெய்ஜிங். செய்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் ஷிக்குப் பிறகு யார் என்று கேளுங்கள்; பொலிட்பீரோவுக்கும் மேலே இருக்கும், ஏழு பேர் கொண்ட நிலைக்குழுவில் வாரிசு என்று சுட்டிக்காட்ட ஓர் ஆள் இல்லை.